விளையாட்டுச் சிகிச்சையும் குழந்தைகளின் மனநிலைக் கோளாறும்: மதுரைப் பெற்றோர் கேட்கும் கேள்விகள்

மதுரை நகரிலிருந்தும், உசிலம்பட்டி, திருமங்கலம், மேலூர்ப் பக்கத்து ஊர்களிலிருந்தும் குழந்தைகளை அழைத்துக்கொண்டு வரும் பெற்றோர் முதல் சந்திப்பில் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. குழந்தைகளுக்கான உளவியலாளராக நான் அவற்றுக்குச் சொல்லும் பதில்களை, வீட்டில் வைத்து நிதானமாகப் படிக்கும்படி இங்கே எழுதியிருக்கிறேன். இதில் வரும் குழந்தைகள் யாரென்று தெரியாதபடி ஊரையும் வயதையும் மாற்றியிருக்கிறேன்.

எட்டு வயதுப் பிள்ளைக்கு மனச்சோர்வு வருமா? அவனுக்கு என்ன கவலை இருக்கப்போகிறது?

வரும். பெரியவர்களிடம் வாடிய முகமாகத் தெரிவது குழந்தைகளிடம் பல சமயம் எரிச்சலாகத் தெரிவதால், அதற்கு நாம் 'அடம்', 'சேட்டை', 'செல்லம் கொடுத்துக் கெட்டது' என்றெல்லாம் பெயர் வைத்துவிடுகிறோம். இரண்டு வாரமோ அதற்கு மேலோ, நாளின் பெரும்பகுதி எரிந்து விழுவது அல்லது சோர்ந்து கிடப்பது, முன்பு ஓடிப்போய் விளையாடிய கோலியும் கிரிக்கெட்டும் வேண்டாமென்று ஒதுங்குவது, தூக்கமும் சாப்பாடும் மாறிப்போவது, வயதுக்கு ஏற்ற எடை ஏறாமல் நிற்பது, 'நான் எதுக்கும் லாயக்கில்லை' என்று சொல்வது ஆகியவற்றில் பல சேர்ந்து வந்தால் மனநல மருத்துவரிடம் காட்ட வேண்டும். கவலைப்பட வெளிப்படையான காரணம் ஒன்று இருந்தாக வேண்டும் என்பதில்லை.

மனநிலைக் கோளாறு என்ற சொல்லுக்குள் மனச்சோர்வு மட்டும் அடங்கவில்லை. அளவுக்கு மீறிய உற்சாகமும் ஆழ்ந்த சோர்வும் மாறி மாறி வரும் இருமுனைக் கோளாறும் இதில் சேரும். வாரத்துக்கு மூன்று முறையாவது கட்டுக்கடங்காத கோபம் வெடித்து, இடைப்பட்ட நாட்களிலும் எரிச்சல் தணியாமல், ஓராண்டுக்கு மேல் வீட்டிலும் பள்ளியிலும் தொடரும் நிலைக்கு, 2013இல் வெளிவந்த அமெரிக்க மனநல வகைப்பாட்டு நூல் தனிப் பெயர் கொடுத்திருக்கிறது. டிஎம்டிடி என்று மருத்துவச் சீட்டில் எழுதியிருந்தால் அதன் பொருள் இதுதான். ரத்தசோகையும் தைராய்டு குறைபாடும்கூடக் குழந்தையைச் சோர்ந்துபோகச் செய்யும் என்பதால், அவற்றையும் பரிசோதித்துப் பார்த்துவிடுவது நல்லது.

விளையாட்டுச் சிகிச்சை என்றால் என்ன? பொம்மை எங்கள் வீட்டிலும் இருக்கிறதே?

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தாய் இரண்டாவது வாரத்தில் என்னிடம், "வெளையாட வைக்கவா ரெண்டு பஸ் மாறி வர்றோம்? வீட்லயும் சொப்பு கெடக்குதேம்மா" என்று கேட்டார். நியாயமான கேள்வி. சிகிச்சை பொம்மையில் இல்லை. ஒரு பெரியவர், முழு நேரமும், திருத்தாமல், கேள்வி கேட்காமல், கைப்பேசியைத் தொடாமல் ஒரு குழந்தையின் விளையாட்டைக் கவனிப்பதில்தான் இருக்கிறது. அப்படி ஒரு முக்கால் மணி நேரம் நம் வீடுகளில் எந்தக் குழந்தைக்கும் கிடைப்பதில்லை. அன்பில்லாததால் கிடைக்காமல் போகவில்லை. அப்படிப் பார்க்க நமக்கு யாரும் கற்றுத்தரவில்லை.

குழந்தையால் 'எனக்கு மனசு கனமாக இருக்கிறது' என்று வாக்கியமாகச் சொல்ல முடியாது. ஆனால் பொம்மையைக் கீழே தள்ளவும், புதைக்கவும், ஒளித்து வைக்கவும், சோறூட்டவும் முடியும். அதில் தெரியும் உணர்வைப் புரிந்துகொண்டு, குழந்தைக்கு எட்டும் சொல்லில் திருப்பிச் சொல்வது சிகிச்சையாளரின் வேலை. தன்னை மிரட்டும் ஒன்றைக் கைக்குள் அடங்கும் அளவுக்குச் சிறிதாக்கி, தன் வேகத்தில், வேண்டிய தடவை ஆடிப் பார்க்கும்போது குழந்தைக்கு அதன்மேல் ஒரு பிடி கிடைக்கிறது.

இதற்கு ஒரு வரலாறும் உண்டு. 1920களில் மெலனி கிளைனும் அன்னா ஃப்ராய்டும் குழந்தைகளின் விளையாட்டை, மனதின் ஆழத்தில் மறைந்திருப்பதைத் தேடும் தங்கள் உளப்பகுப்பாய்வு முறைக்குள் கொண்டுவந்தார்கள். அதே காலத்தில் லண்டனில் மார்கரெட் லோவன்ஃபெல்ட் என்ற மருத்துவர் மணல் தட்டையும் சின்னஞ்சிறு பொம்மைகளையும் கொடுத்து, குழந்தைகளைத் தங்கள் உலகத்தைக் கட்டச் சொன்னார். அமெரிக்காவில் கார்ல் ரோஜர்ஸ் என்ற உளவியலாளரின் வழியைப் பின்பற்றிய விர்ஜீனியா ஆக்ஸ்லைன், குழந்தையே வழிநடத்த சிகிச்சையாளர் பின்தொடரும் முறைக்கு எட்டு நெறிகளை 1947இல் எழுதி வைத்தார். நான் பெரும்பாலும் பின்பற்றுவது அவர் வகுத்த முறையைத்தான்.

அறைக்குள் என்னென்ன இருக்கும்?

விலை உயர்ந்தது எதுவும் இருக்காது. சொப்புச் சாமான், மரப்பாச்சி, துணிப் பொம்மைகள், வீடு, மாடு, ஆட்டோ, பேருந்து, போலீஸ், டாக்டர் செட், களிமண், வண்ணக் குச்சிகள், அடிப்பதற்கு ஒரு பஞ்சு மெத்தை, மணல் தட்டு. விளாச்சேரியில் செய்யும் மண் பொம்மைகளில் சிறியவையாகப் பார்த்துச் சிலவற்றை வாங்கி வைத்திருக்கிறேன். தாத்தா, பாட்டி, செட்டியார், அழகர் குதிரை என்று நம் குழந்தைகளுக்குத் தெரிந்த முகங்கள் அவற்றில்தான் கிடைக்கின்றன. தங்கமுடியும் நீலக்கண்ணும் கொண்ட பொம்மையை எந்தக் குழந்தையும் 'எங்க அப்பத்தா' என்று சொல்லி நான் பார்த்ததில்லை. பேட்டரியில் தானாக ஆடிப் பாடும் பொம்மைகளுக்கு இடமில்லை, ஏனென்றால் அவை ஆடும்போது குழந்தை சும்மா உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறது.

மணல் தட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஏறக்குறைய 70 சென்டிமீட்டர் நீளமும் 50 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட ஆழம் குறைந்த மரப்பெட்டி அது. உள்புறம் முழுவதும் நீல நிறம் பூசியிருக்கும். மணலை விலக்கினால் அடியில் நீலம் தெரியும், அது குழந்தைக்குத் தண்ணீர். கடலைப் பார்த்திராத நம் பிள்ளைகள் அதை ஆறு என்றுதான் சொல்கிறார்கள். விரலால் மணலை ஒதுக்கிக்கொண்டே வந்த ஒரு சிறுமி சட்டென்று நிமிர்ந்து, "அய், வைகைல தண்ணி வந்துருச்சு" என்றாள். அதற்கு முன் மூன்று வாரங்களாக அவள் என்னிடம் ஒரு வார்த்தையும் பேசியிருக்கவில்லை.

உள்ளே உண்மையில் என்ன நடக்கிறது? ஓர் உதாரணம் சொல்ல முடியுமா?

ஏழு வயதுப் பையன். வளர்த்த தாத்தா இறந்த பிறகு சாப்பாடு குறைந்து, தம்பியை அடித்து, பள்ளிக்குப் போக மறுத்து, ஒரு நாள் 'நானும் செத்துப்போறேன்' என்று சொன்னதும் அழைத்து வந்தார்கள். மனநல மருத்துவர் பார்த்து மனச்சோர்வு என்று உறுதிசெய்தார். பாதுகாப்பு குறித்து வீட்டாரிடம் விரிவாகப் பேசிய பிறகே விளையாட்டு அறையைத் தொடங்கினோம்.

முதல் வாரத்திலேயே அவன் ஒரு மரப்பாச்சியை எடுத்து மணலில் புதைத்தான். மேலே மண்ணைக் குவித்து, உள்ளங்கையால் தட்டித் தட்டி இறுக்கினான். நான், "அது வெளிய தெரியவே கூடாதுன்னு நெனைக்கிற" என்று மட்டும் சொன்னேன். தலையாட்டினான். அடுத்த வாரமும் அதே பொம்மை, அதே மூலை. யாருடைய பொம்மை, ஏன் புதைக்கிறாய், தாத்தாவா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவன் எனக்குப் பிடித்த பதிலைச் சொல்லிவிட்டு விளையாட்டை நிறுத்தியிருப்பான். ஏழாவது வாரத்தில் ஒரு கால் மட்டும் வெளியே தெரியும்படி விட்டான். ஒன்பதாவது வாரத்தில் தோண்டி எடுத்து, சட்டை நுனியால் முகத்தைத் துடைத்து, அலமாரியில் நிமிர்த்தி வைத்துவிட்டு, குடிக்கத் தண்ணீர் கேட்டான். அந்த வாரம்தான் வீட்டில் முதல்முறையாகத் தாத்தாவின் துண்டை எடுத்து வைத்துக்கொண்டு அம்மாவிடம் அழுதிருக்கிறான். அம்மா பயந்துபோய் என்னை அழைத்தார். அழுகை திரும்பி வந்தது நல்ல அறிகுறி என்று அவருக்கு நான் சொல்ல வேண்டியிருந்தது.

இது எல்லாக் குழந்தைக்கும் இவ்வளவு தெளிவாக நடப்பதில்லை. பல வாரங்கள் வெறும் காரை ஓட்டிவிட்டுப் போகும் குழந்தைகளும் உண்டு.

திருத்தாமல் விட்டால் பிள்ளை கெட்டுப்போகாதா?

உணர்வுக்குத்தான் எல்லை கிடையாது, செயலுக்கு உண்டு. பம்பரத்தை ஓங்கிக்கொண்டு என் முகத்தைக் குறிபார்த்த பையனிடம் நான் சொன்னது மூன்று சிறு வாக்கியங்கள்: "உனக்கு எம்மேல ரொம்பக் கோவம். எம்மேல எறியக் கூடாது. அந்த மெத்தை மேல எறியலாம்." முதலில் கோபத்தை ஏற்றுக்கொள்வது, பிறகு எல்லையைச் சொல்வது, பிறகு வேறு வழியைக் காட்டுவது என்பதே அதன் வரிசை. திட்டுவதும் கெஞ்சுவதும் அதில் வராது. வீட்டிலும் இதே வரிசை வேலை செய்யும். தன்னையோ பிறரையோ காயப்படுத்துவதும், அறையின் பொருளை வேண்டுமென்றே உடைப்பதும், நேரத்துக்கு முன் வெளியேறுவதும் எந்தக் குழந்தைக்கும் அனுமதிக்கப்படாது.

இதனால் குணமாகும் என்பதற்கு ஆதாரம் இருக்கிறதா?

இருக்கிறது, ஆனால் அதன் அளவைச் சரியாகச் சொல்ல வேண்டியது என் கடமை. 1953 முதல் 2000 வரை நடந்த 93 ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்து, 2005இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு பகுப்பாய்வை வெளியிட்டார்கள். சிகிச்சை பெற்ற குழந்தைகள் பெறாதவர்களைவிடக் குறிப்பிடத்தக்க அளவு தேறினார்கள் என்பதும், பெற்றோர் பயிற்சி பெற்று நடத்திய இடங்களில் பலன் இன்னும் கூடியது என்பதும் அதன் முடிவுகள். ஆனால் அந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை நடத்தைச் சிக்கல், பயம், பள்ளிச் சிரமம் போன்றவற்றோடு வந்த குழந்தைகளைப் பற்றியவை. மருத்துவர் உறுதிசெய்த மனச்சோர்வுக்கும் இருமுனைக் கோளாறுக்கும் விளையாட்டுச் சிகிச்சை மட்டுமே போதும் என்று அவற்றை வைத்துச் சொல்ல முடியாது. சொல்பவர்களை நம்ப வேண்டாம்.

மனச்சோர்வுக்கென்றே நடந்த நல்ல ஆய்வு ஒன்று, விளையாட்டுச் சிகிச்சைக்கு நெருங்கிய உறவான இன்னொரு முறையைப் பற்றியது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஜோன் லூபி என்ற மனநல மருத்துவரின் குழு, 3 முதல் 6 வயது வரையான 229 குழந்தைகளையும் அவர்களுடைய பெற்றோரையும் சேர்த்து 18 வாரம் ஆய்வு நடத்தி, 2018இல் முடிவை வெளியிட்டது. பெற்றோர் காதில் ஒரு கருவியை மாட்டிக்கொண்டு குழந்தையோடு விளையாடுவார். பயிற்சியாளர் அடுத்த அறையிலிருந்து அவருக்கு வழி சொல்லுவார். உணர்வுகளுக்குப் பெயர் சொல்லவும், பொங்கும் உணர்வைத் தணிக்கவும் பெற்றோரே குழந்தைக்குத் துணையாவார். காத்திருப்புப் பட்டியலில் இருந்த குழந்தைகளைவிடச் சிகிச்சை பெற்றவர்களிடம் மனச்சோர்வு தெளிவாகக் குறைந்தது. பெற்றோரின் சோர்வும் குறைந்தது என்ற முடிவு எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது.

மாத்திரையை நிறுத்திவிடலாமா?

கூடாது. மருந்தைத் தொடங்குவதும் நிறுத்துவதும் மனநல மருத்துவரின் முடிவு. இருமுனைக் கோளாற்றில், குறிப்பாகக் குழந்தை தூக்கமே இல்லாமல் ஓயாத வேகத்தில் இருக்கும் நாட்களில், மருந்தும் தூக்கமும்தான் முதலில். அந்த நேரத்தில் விளையாட்டு அறை குழந்தையை மேலும் கிளப்பிவிடக்கூடும் என்பதால் நான் காத்திருக்கச் சொல்வேன். லேசான மனச்சோர்வில் மருந்தில்லாமலே தொடங்குவது வழக்கம். மருந்து தேவைப்பட்டால், முதல் சில வாரங்கள் குழந்தையின் பேச்சையும் போக்கையும் மிகக் கவனமாகப் பார்க்க வேண்டும். மனச்சோர்வு மருந்துகளின் தொடக்கத்தில் சில சிறுவர்களிடம் தற்கொலை எண்ணம் கூடக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004 முதலே எச்சரித்து வருகிறது. பயந்து நிறுத்திவிடுவதற்காக இதைச் சொல்லவில்லை. மாற்றம் தெரிந்த அன்றே மருத்துவரை அழைப்பதற்காகச் சொல்கிறேன்.

எத்தனை வாரம் ஆகும்?

வாரம் ஒரு முறை, 45 முதல் 50 நிமிடம், அதே நாள், அதே நேரம், அதே அறை. பலருக்கு 12 முதல் 20 வாரங்களில் மாற்றம் தெரிகிறது. சிலருக்கு அதைவிட நீளும். மூன்றாவது, நான்காவது வாரத்தில் வீட்டில் கோபம் கூடுவதுபோலத் தெரிந்தால், அடக்கி வைத்தது வெளிவரத் தொடங்கியிருக்கலாம். அப்போது பாதியில் நிறுத்திவிடாமல் என்னிடம் சொல்லுங்கள். சித்திரைத் திருவிழாவுக்கோ ஊர்க் கொடைக்கோ ஒரு வாரம் வர முடியாதென்றால், அதை முந்தைய வாரமே குழந்தையிடம் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் நின்றுபோன வாரத்தைக் குழந்தை தன்மேல் தவறாக எடுத்துக்கொள்ளும்.

உள்ளே என்ன செய்தான் என்று எங்களிடம் சொல்வீர்களா?

பொதுவாக எப்படி இருக்கிறான், வீட்டில் எதை மாற்றலாம் என்பதைச் சொல்வேன். எந்தப் பொம்மையை எப்படி வைத்தான் என்பது அவனுடையது. வெளியே வந்ததும் "உள்ள என்ன பண்ணுன? ஒழுங்கா இருந்தியா?" என்று கேட்காமல் இருப்பது பெற்றோர் செய்யக்கூடிய பெரிய உதவி. உயிருக்கு ஆபத்தான எண்ணம் தெரிந்தால் உடனே சொல்லிவிடுவேன். பாலியல் துன்புறுத்தல் தெரியவந்தால் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும், அதில் விருப்பத்துக்கு இடமில்லை.

வீட்டில் நாங்கள் என்ன செய்யலாம்?

இந்தக் கேள்வியைக் கேட்கும் பெற்றோரின் குழந்தை சீக்கிரம் தேறுவதைப் பல முறை பார்த்திருக்கிறேன். பெற்றோரையே சிகிச்சையாளராகப் பயிற்றுவிக்கும் முறையை 1960களில் பெர்னார்டு கெர்னியும் லூயிஸ் கெர்னியும் உருவாக்கினார்கள். வாரம் ஒரு முறை அரை மணி நேரம் போதும். ஒரு பாய் விரியுங்கள். அந்த அரை மணிக்கென்றே ஒரு பெட்டியில் கொஞ்சம் சொப்பு, நாலைந்து பொம்மை, களிமண், தாள், வண்ணக் குச்சி வைத்திருங்கள், மற்ற நேரத்தில் அந்தப் பெட்டி மூடியிருக்கட்டும். கைப்பேசி அடுத்த அறையில் இருக்கட்டும். மாமியாரிடமும் மற்றவர்களிடமும் முன்பே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் பத்தாவது நிமிடத்தில் அப்பத்தா வாசலிலிருந்து "வீட்டுப்பாடம் முடிச்சிட்டானா?" என்று குரல் கொடுப்பார்.

லாரி ஓட்டும் ஒரு தந்தை முதல் நாள் என் முன்னால் இதைச் செய்து பார்த்தார். மகள் சொப்பு இட்லிப் பானையில் மணலைப் போட்டதும், "இட்லிக்கு மாவு ஊத்தணும் பாப்பா, மண்ணையா போடுவாங்க?" என்றார். அவள் கை நின்றுவிட்டது. மூன்றாவது வாரத்தில் அதே பானை, அதே மணல். இந்த முறை அவர் கொஞ்சம் பொறுத்து, "அப்பாவுக்கும் ஒரு தட்டு எடுத்து வச்சிருக்க" என்றார். அவள் மூன்று கரண்டி மணலை அவர் தட்டில் போட்டு, "சூடா இருக்கு, ஊதித் தின்னுங்க" என்றாள். நான் பெற்றோருக்குக் கற்றுத்தர விரும்புவது இந்த இரண்டு வாக்கியங்களுக்கு இடையே உள்ள வேறுபாட்டைத்தான்: கேள்வியும் திருத்தமும் இல்லாமல், கண்ணால் பார்த்ததை அப்படியே சொல்வது.

தாய்க்கோ தந்தைக்கோ மனச்சோர்வு இருந்தால் அதற்கும் சிகிச்சை எடுங்கள். பெற்றோர் தேறும்போது குழந்தையின் நிலையும் மேம்படுவதுண்டு.

கோடாங்கியிடம் கேட்டோம், பயந்த கோளாறு என்றார். தர்காவிலும் மந்திரித்தோம். அதை நிறுத்த வேண்டுமா?

நிறுத்தச் சொல்ல மாட்டேன். விபூதி பூசுவதும் பாடம் போடுவதும் குடும்பத்துக்கு ஆறுதல் என்றால் அதுவும் நடக்கட்டும். ஆனால் அடிப்பது, மிளகாய்ப் புகை போடுவது, பட்டினி போடுவது எதையும் அனுமதிக்காதீர்கள். பூசைக்காக மருத்துவரைத் தள்ளிப்போடவும் வேண்டாம்.

செல்போனில் விளையாடுவதும் விளையாட்டுத்தானே?

பொழுதுபோக்காக இருக்கலாம், சிகிச்சைக்கு உதவாது. அந்த ஆட்டத்தின் விதியை வேறு யாரோ முன்பே எழுதி முடித்துவிட்டார்கள்.

பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கும் இது பொருந்துமா?

3 முதல் 11 வயது வரைதான் இது மிகவும் பொருந்தும். அதற்கு மேல் பொம்மையைக் கொடுத்தால் அவமானமாக எடுத்துக்கொள்வார்கள். வளரிளம் பருவத்தினருக்குப் பேச்சு வழிச் சிகிச்சைகளே முதன்மை. ஆனாலும் கையில் தாயக்கட்டையோ கேரம் காயோ இருந்தால் முகம் பார்க்காமல் பேச அவர்களுக்கு எளிதாக இருக்கிறது.

யாரிடம் போவது?

முதலில் மனநல மருத்துவர். மதுரையில் அரசு இராசாசி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் செலவில்லாமல் காட்டலாம். விளையாட்டுச் சிகிச்சை அளிப்பவர் மருத்துவ உளவியலாளர் என்று சொன்னால், இந்திய மறுவாழ்வு மன்றத்தின் பதிவு எண்ணைக் கேளுங்கள். குழந்தைகளோடு எவ்வளவு காலம் வேலை செய்திருக்கிறார், விளையாட்டுச் சிகிச்சையில் எங்கே பயிற்சி பெற்றார், மருத்துவரோடு தொடர்பில் இருப்பாரா என்றும் கேளுங்கள். கேட்டதற்காகக் கோபப்படுபவரிடம் குழந்தையை விட வேண்டாம்.

எப்போது காத்திருக்கவே கூடாது?

'செத்துப்போறேன்' என்று குழந்தை சொன்னால், விளையாட்டுக்குச் சொல்கிறது என்று விட்டுவிடாதீர்கள். அமைதியாக, நேராகக் கேளுங்கள்: "செத்துப்போகணும்னு தோணுதா? எப்படின்னு யோசிச்சியா?" அப்படிக் கேட்பதால் இல்லாத எண்ணம் வந்துவிடாது. பூச்சிமருந்து, எலிமருந்து, மாத்திரைகளை அன்றே வீட்டிலிருந்தும் தோட்டத்து அறையிலிருந்தும் அகற்றுங்கள். குழந்தையைத் தனியே விடாதீர்கள். தன்னைக் காயப்படுத்திக்கொண்டாலோ, எப்படிச் செய்வது என்று திட்டம் சொன்னாலோ, பல இரவுகள் தூங்காமல் பிதற்றினாலோ, விளையாட்டு அறையின் அடுத்த முறைக்காகக் காத்திராமல் நேராகப் பனகல் சாலையில் உள்ள இராசாசி மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். இரவில் யாரிடமாவது கேட்க வேண்டுமென்றால், 2022 முதல் இயங்கும் டெலி மானஸ் என்ற அரசுத் தொலைபேசி மனநலச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் அழைத்துத் தமிழிலேயே பேசலாம். குழந்தைகளுக்கான உதவி எண் 1098.